‘அழிக்கலாம்’ என்று எழுதியிருந்த கேசட்

பெரம்பூர் அத்தை வீட்டில் வெள்ளையடிக்க ஆள் வந்தபோதுதான் பரணில் இருந்த தகரப் பெட்டி கீழே இறங்கியது. உள்ளே பழைய வேட்டியில் சுற்றிய ஒரு வி.சி.ஆர். அதைச் சுற்றி அடுக்கியபடி பதினேழு வி.எச்.எஸ். கேசட்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் மாமாவின் சின்னச் சின்ன எழுத்து: ‘ஒளியும் ஒலியும் 1’, ‘ஒளியும் ஒலியும் 2’, ‘ஞாயிறு படம் – கருப்பு வெள்ளை’, ‘செவ்வாய் நாடகம்’, ‘தங்கச்சி கல்யாணம்’. ஒன்றில் மட்டும் ‘டெஸ்ட் – அழிக்கலாம்’.

மாமா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. 1986-ல் வளைகுடாவிலிருந்து லீவில் வந்த நண்பரிடம் சீட்டுப் பணத்தைக் கொடுத்து அந்த டெக்கை வாங்கினார். அப்போது யாரும் வி.சி.ஆர். என்று சொல்வதில்லை, டெக்குதான். விசேஷம் என்றால் டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் ஓட்டுவார்கள். சொந்தமாக டெக் இருந்த வீடு எங்கள் தெருவில் அது ஒன்றுதான். மற்றவர்கள் படம் போட்டுப் பார்த்தார்கள். மாமா டிவியில் வந்ததைப் பதிவு செய்தார். அந்த வித்தியாசத்தால்தான் இதை எழுத எனக்கு விஷயம் இருக்கிறது.

வளைகுடா டெக் இங்கே வேலை செய்ததற்குக் காரணம், அங்கேயும் நம்மைப் போலவே பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை என்பது. 625 கோடு, நொடிக்கு 25 படம், ஒலிக்கு அதே 5.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. அமெரிக்காவில் முறை வேறு, அங்கிருந்து கொண்டுவந்தவர்களின் பெட்டிகள் அலமாரியில் அழகுக்கு நின்றன. மாமாவின் டெக் மொட்டைமாடி ஆன்டெனாவை நேராகச் செருகிய அன்றைக்கே சென்னைத் தொலைக்காட்சியைப் பிடித்தது.

இறக்கிய அன்றே மின்சாரம் கொடுத்துப் பார்க்க அத்தைக்கு ஆசை. நான் விடவில்லை. இருபது முப்பது வருஷம் தூங்கிய எந்தப் பொருளையும் நேரடியாகப் பிளக்கில் செருகக் கூடாது. நூறு வாட் குண்டு பல்பைத் தொடர் இணைப்பில் போட்டு, அதன் வழியாகத்தான் முதல் தடவை கரண்ட் விட வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி பிழைத்துக்கொள்ளும். பல்பு ஒரு கணம் சிவந்து மங்கியது. அந்த மட்டில் நல்ல சகுனம். ஆனால் டெக்கின் முகப்பில் கடிகாரம் வரவில்லை.

மூடியைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்ததில், ஐந்து வோல்ட் வர வேண்டிய இடத்தில் மூன்று வோல்ட்டும் சொச்சமும்தான் இருந்தது. பவர் சப்ளை பகுதியில் இரண்டு மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தது, ஒன்றின் அடியில் பழுப்புக் கசிவு. ரிச்சி தெருவில் அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது ஒரு படி மேல், 105 டிகிரி தாங்கும் வகையாகப் பார்த்து ஏழு வாங்கினேன். உப்பாதவற்றையும் சேர்த்தே மாற்றிவிட்டேன். வெளியே நன்றாகத் தெரியும் பழைய மின்தேக்கியை நம்பி மறுபடி மூடியைத் திறப்பதைவிட, நூறு ரூபாய் கூடக் கொடுப்பது மேல். சால்டரிங் வைக்கும்போது பிளஸ், மைனஸ் பக்கம் மாறாமல் இருக்க ஒவ்வொன்றைக் கழற்றும் முன்னும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். அன்று மாலை கடிகாரம் பச்சையாகக் கண் சிமிட்டியது. அத்தை சமையலறையிலிருந்து ஓடி வந்து, “மாமா இதுல நேரமே வைக்கமாட்டார்டா, எப்பவும் பன்னெண்டு பன்னெண்டுன்னு மின்னிக்கிட்டே இருக்கும்” என்றார்.

இயந்திரப் பகுதி இதைவிடக் கஷ்டம். கேசட்டை உள்ளே இழுக்கும் ரப்பர் பெல்ட், தார் மாதிரி உருகிக் கப்பியோடு ஒட்டியிருந்தது. காது குடையும் பஞ்சில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு, ஒரு மணி நேரம் சுரண்டித்தான் கப்பியின் பள்ளம் தெரிந்தது. புது பெல்ட்டுக்கு அளவு சொல்ல, கப்பிகளைச் சுற்றி நூல் போட்டு அளந்து, அதில் நூற்றுக்கு ஐந்து குறைத்துக் கேட்டேன். கடைக்காரர் அளவைப் பார்த்ததுமே, “டெக்கா அண்ணே? இன்னமும் இருக்கா?” என்று எழுந்து உள்ளே போய், தூசி படிந்த டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சுருள் சக்கரங்களைச் சுற்றவைக்கும் ஐட்லர் டயர் கல்லாக இறுகி, கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. அதே அளவு ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைப் போட்டேன். காய்ந்து மெழுகாகிப் போயிருந்த கிரீஸை வழித்து எடுத்துவிட்டுப் புதிதாகத் தடவினேன்.

ஹெட் சுத்தம் செய்வதில்தான் நிறையப் பேர் டெக்கைக் கொன்றிருக்கிறார்கள். சாய்வாக நிற்கும் அந்த உருளை, பால் முறையில் நிமிடத்துக்கு 1,500 தடவை சுற்றும். அதன் விளிம்பில் கடுகைவிடச் சின்னதாக இருக்கும் ஹெட்டுதான் படம் படிப்பது. பஞ்சு வைக்கக் கூடாது, நார் சிக்கி ஹெட் உடையும். மான்தோல் துணியை ஆல்கஹாலில் நனைத்து, உருளையின் பக்கவாட்டில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் உருளையின் மேல்தலையைத் தொட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். துணி மேலும் கீழும் அசையவே கூடாது. நான் எடுத்தபோது துணியில் பென்சில் கோடு மாதிரி கருப்பு வந்தது. அது எத்தனையோ வெள்ளிக்கிழமைகளின் அழுக்கு.

இனி ஒரு கேசட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். அத்தை உடனே ‘டெஸ்ட் – அழிக்கலாம்’ என்ற கேசட்டை நீட்டினார். “இதை முதல்ல போடு. போனா போகட்டும். மாமாவே எழுதியிருக்கார் பாரு.” நியாயமான பேச்சு. ஆனால் கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியாக வெளிச்சத்தில் பார்த்தபோது, நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தது. பூஞ்சை. அதை அப்படியே ஓட்டினால் இப்போதுதான் துடைத்த ஹெட் போய்விடும். அந்த ஒரு காரணத்துக்காக அதை ஒதுக்கி வைத்துவிட்டு, மூர் மார்க்கெட் பக்கம் பழைய சாமான் கடையில் இருபது ரூபாய்க்கு யாரோ ஒருவரின் படக் கேசட்டை வாங்கி வந்து போட்டேன்.

டெக் அதைத் தின்றது. இழுத்துச் சுற்ற வேண்டிய சக்கரம் நின்றுவிட, நாடா உள்ளேயே குவிந்து மூன்று அடி நீளம் கசங்கிப் பாழாயிற்று. நான் போட்ட ஓ-ரிங் அரை மில்லிமீட்டர் ஒல்லி. அடுத்த அளவு போட்டதும் சரியாகச் சுற்றியது. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மூன்று அடி அத்தை நீட்டிய கேசட்டாக இருந்திருந்தால் என்ன போயிருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

பூஞ்சையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், சென்னைக் காற்றில் பரணில் கிடந்த கேசட் பலவற்றில் அது இருக்கும். வீட்டுக்குள் திறக்காதீர்கள். மொட்டைமாடியில், முகமூடி போட்டுக்கொண்டு, காற்று நமக்கு எதிர்ப்பக்கம் போகும்படி உட்கார்ந்து செய்தேன். கேசட்டின் அடியில் ஐந்து திருகு. கழற்றியதும் தலைகீழாகத் திருப்பாமல் மேல்மூடியைத் தூக்க வேண்டும். உள்ளே சின்ன ஸ்பிரிங்குகள் தெறித்து ஓடும். நாடா எந்த உருளைக்கு வெளியே, எந்தக் கம்பிக்கு உள்ளே போகிறது என்று முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணி நேரக் கேசட்டில் ஏறக்குறைய 250 மீட்டர் நாடா. அகலம் அரை அங்குலம். இரண்டு மரக்கட்டையில் ஆணி அடித்துச் சுருள்களை அதில் நிறுத்தி, நடுவில் ஆல்கஹால் நனைத்த நாரில்லாத துணியை மடித்துப் பிடித்து, அத்தை ஒரு பக்கம் சுற்ற, நான் துணி மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு கேசட்டுக்கு மூன்று மாலை. பிறகு புதுக் கூட்டுக்குள் மாற்றி மூடினேன். பழைய கூட்டிலேயே திரும்ப வைத்தால் மூலைகளில் ஒட்டியிருக்கும் பூஞ்சை மறுபடி ஏறும். லேபிளை மட்டும் நீராவியில் காட்டி உரித்துப் புதுக் கூட்டின் மேல் ஒட்டினேன்.

பூஞ்சை விளிம்பில்தான் முதலில் பிடிக்கும். வி.எச்.எஸ். நாடாவில் படம் நடுவில் சாய்வாக எழுதப்பட்டிருக்கும், ஒலி மேல் விளிம்பில் ஒரு கோடாக, ஹெட் படத்தின் கோட்டைத் தவறாமல் பிடிக்க உதவும் டிராக்கிங் துடிப்புகள் கீழ் விளிம்பில். அதனால் விளிம்பு அரித்த கேசட்டில் படம் நன்றாக இருந்தும் பேச்சு விட்டு விட்டு வரும், அல்லது படம் திடீரென்று உருளும். நாடா அறுந்த ஓர் இடத்தை ஒட்டினேன். ஒட்டுநாடாவை எப்போதும் காந்தப் பூச்சு இல்லாத பின்பக்கம்தான் போட வேண்டும். சாதாரண செல்லோடேப் வேண்டவே வேண்டாம், பசை ஒழுகி ஹெட்டில் ஏறும்.

முதலில் சுத்தம் செய்தது, போனால் போகட்டும் என்று சொன்ன அதே ‘டெஸ்ட்’ கேசட்தான். கைப்பழக்கத்துக்காக எடுத்தேன், வேறு நோக்கம் இல்லை. போட்டதும் திரை முழுக்க வண்ணப் பட்டைகள். வெள்ளை, மஞ்சள், வெளிர்நீலம், பச்சை, கத்தரிப்பூ, சிவப்பு, நீலம், கருப்பு. கூடவே ‘ஊ...’ என்று ஒரே சுருதியில் ஒலி. மாலை ஒளிபரப்பு தொடங்குவதற்கு முன்னால் வரும் பட்டை. டெக் வாங்கி வந்த அன்று மாமாவுக்குப் பொறுமை இல்லை, பட்டையையே பதிவு செய்து பார்த்திருக்கிறார்.

எனக்கு அது புதையல். படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது வெளிச்சம், நிறம் எவ்வளவு வைப்பது என்று பொதுவாக யூகத்தில்தான் செய்வோம். இங்கே நிலையமே அளவுகோலை அனுப்பியிருந்தது. அளவு காட்டும் வரைபடத்தைத் திறந்து வைத்து, வெள்ளைப் பட்டையும் கருப்புப் பட்டையும் எல்லைக்குள் நிற்கும்வரை வெளிச்சத்தைத் திருகினேன். பிறகு நிறம். ஒலியில் அந்த ‘ஊ’ லேசாக ஆடியது, ஆளில்லாத ஊஞ்சல் மாதிரி. ஒரே சுருதி ஆடுகிறது என்றால் நாடா சீராக ஓடவில்லை என்று பொருள். நாடாவை அழுத்திப் பிடித்து ஓட்டும் பிஞ்ச் ரோலரின் ரப்பர் வழுக்கியிருந்தது. வேறொரு செத்த டெக்கிலிருந்து நல்ல ரோலர் எடுத்துப் போட்டதும் சுருதி கோடாக நின்றது. பாட்டு மட்டும் இருந்த கேசட்டாக இருந்தால் அந்த ஆட்டத்தை நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

பட்டை மறைந்தது. ஒரு நிமிடம் வெறும் திரை. அப்புறம் அந்த இசை. பண்டித ரவிசங்கரும் ஷெனாய்க் கலைஞர் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து அமைத்தது. இரண்டு வளைவுகள் சுழன்று சுழன்று கண்ணாகி நிற்கும் தூர்தர்ஷன் சின்னம், அடியில் சத்யம் சிவம் சுந்தரம். அத்தை வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், கை நின்றுவிட்டது. அடுத்து ஓர் அறிவிப்பாளர் திரையில் வந்தார். பின்னிய தலையில் மல்லிகை, பின்னால் மடிப்பு மடிப்பாகத் திரைச்சீலை. வணக்கம் சொல்லி, அன்றைய நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். வயலும் வாழ்வும் என்று சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். நாற்பத்திரண்டு நொடி. பிறகு வயலும் வாழ்வும் முகப்பு தொடங்க, மாமா திருப்தியாகி நிறுத்திவிட்டார். மேலே ஒன்றும் இல்லை, வெறும் பனிமழை.

“இவங்க பேரு என்னத்தை?”

“பேரு யாருக்குத் தெரியும்? செய்தி வாசிக்கிறவங்க பேரு தெரியும். இவங்க பேரைப் போடவே மாட்டாங்களே. ஆனா தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டுப் போன பொண்ணு மாதிரிடா.”

சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சேப்பாக்கத்தை ஒட்டி சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கும் அந்தக் கட்டடத்திலிருந்து வந்த முகங்களைத்தான் ஒரு தலைமுறை உறவினர்போல் பார்த்தது. செய்தி வாசிக்க ஷோபனா ரவி, சந்தியா ராஜகோபால், பாத்திமா பாபு. மேடை நாடகக்காரரான வரதராஜன். கவிஞர் ஈரோடு தமிழன்பன் வந்தால் தமிழாசிரியர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். நேயர் கடிதங்களுக்கு நிலைய இயக்குநர் ஏ. நடராஜன் பதில் சொன்ன எதிரொலி, பிள்ளைகளுக்குக் கண்மணிப் பூங்கா, அடுத்த வாரம் என்னென்ன என்று சொல்லும் முன்னோட்டம். அந்த முன்னோட்டத்தைத் தாளில் குறித்து வைத்துக்கொண்டுதான் வீட்டு வேலைகளுக்கே நேரம் ஒதுக்குவார்கள். வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு போடும் ஒளியும் ஒலியும் நேரத்தில் தெருவில் நாய்கூட நடமாடாது என்று இப்போது சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. அத்தை வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். பின்னால் நின்றவர்களுக்குத் தெரியட்டும் என்று டிவியை மேசை மேல் ஸ்டூல் போட்டு ஏற்றி வைத்திருந்தார் மாமா.

இதையெல்லாம் நிலையத்தார் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அறிவிப்பும் செய்தியும் அந்த நேரத்தில் நேரலையாகப் போய்க் காற்றில் கரைந்தவை. பதிவானதும் விலையுயர்ந்த நாடாவில்தான், அழித்து அழித்து மேலே எழுதுவது அந்தக் காலத்தில் உலகமெங்கும் தொலைக்காட்சி நிலையங்களின் வழக்கம். திரைப்படப் பாட்டு எங்கும் போகாது, இன்றைக்கும் கையில் உள்ள போனில் தெளிவாகக் கிடைக்கிறது. அந்தப் பாட்டுக்கு முன்னால் ஒரு பெண் சிரித்துச் சொன்ன நாலு வரி யாரிடமும் கிடையாது. யாராவது ஒரு மாமா நிறுத்தும் பொத்தானைத் தாமதமாக அழுத்தியிருந்தால்தான் உண்டு.

அதனால் மற்றக் கேசட்டுகளை நான் பார்க்கும் விதமே மாறிப்போனது. ஒளியும் ஒலியும் கேசட்டுகளில் பாட்டுகளை வேகமாகக் கடந்து, மாமா நிறுத்திய இடங்களைத் தேடினேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரையின் குறுக்கே வானவில் மாதிரி ஒரு கீற்று ஓடும். அதற்கு முன்னும் பின்னும் அரை நொடி, முக்கால் நொடி. ஒரு பற்பொடி விளம்பரத்தின் முதல் எழுத்து. ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை ஒரு முறை நாலு நொடி முழுசாக. அறிவிப்பாளரின் பாதிச் சிரிப்பு. மாமாவின் டெக்குக்கு ஒயர் வைத்த ரிமோட். அந்த ஒயர் நீளத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, கட்டைவிரலைப் பொத்தான் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கீற்று ஒவ்வொன்றும் அவர் விரல்தான் எனக்கு.

பெரிய கொடை வந்தது ‘ஞாயிறு படம் – கருப்பு வெள்ளை’ கேசட்டில். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு நடுவில் செய்தி வந்துவிடும், அதைத் தவிர்க்க மாமா நிறுத்திவிடுவது வழக்கம். அந்த ஒரு ஞாயிறு நிறுத்தவில்லை. படம் நின்றது, அறிவிப்பு வந்தது, செய்தி முகப்பு வந்தது, ஷோபனா ரவி வந்தார். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அவர் விடும் இடைவெளி, ழகரம் ழகரமாகவே விழும் உச்சரிப்பு, அடக்கமான கரை போட்ட புடவை. ஏழு நிமிடம். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். என்று செய்தியில் வருகிறது. ஆக, டெக் வாங்கிய 1986-க்குப் பின், எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பர் 24-க்கு முன். லேபிளில் தேதி இல்லாத கேசட்டுக்குத் தேதி கண்டுபிடிக்கச் செய்தியைவிட நல்ல சாட்சி கிடையாது. ஏழாவது நிமிடத்தில், ஒரு வாக்கியத்தின் பாதியில், அந்த வானவில் கீற்று. படம் தொடர்கிறது.

“தூங்கியிருப்பார்” என்றார் அத்தை. “அந்த வருஷம் வாரம் பூரா நைட் ஷிப்ட். ஞாயித்துக்கிழமை உட்கார்ந்த இடத்துலயே தூக்கம். முழிச்சதும் பதறிப்போய் நிறுத்தியிருப்பார்.” பிறகு புடவையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். செய்தி வாசிப்பவர் கட்டிய புடவையை மறுவாரம் தி.நகர் கடையில் கேட்டு வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் உண்டாம்.

மாற்றும் வேலையில் எனக்குப் பலன் தந்ததைச் சொல்கிறேன். டெக்கிலிருந்து நேரே யு.எஸ்.பி. கருவிக்குக் கொடுத்தபோது படத்தின் மேல்பகுதி கொடி மாதிரி வளைந்து ஆடியது, இடையிடையே பிரேம்கள் விட்டுப்போயின. பழைய நாடாவின் கோடுகள் சரியான நேரத்தில் வந்து சேர்வதில்லை, டிவிப்பெட்டி அதைப் பொறுத்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் பொறுக்காது. நடுவில் ஒரு பழைய டிவிடி ரிக்கார்டரை வைத்து அதன் வழியாக அனுப்பினேன். அது ஒவ்வொரு கோட்டையும் தன் நேரத்துக்கு நேர்ப்படுத்தி வெளியே தள்ளுகிறது. கொடி நின்றது, பிரேம் இழப்பு பூஜ்யம். 720-க்கு 576, இழப்பில்லாத முறையில் பதிவு. ஒரு மணி நேரத்துக்கு முப்பது ஜிபிக்கு மேல் ஆகிறது. ஆகட்டும், ஹார்ட் டிஸ்க் மலிவு. பழைய டிவிப் படம் ஒற்றைக் கோடுகள் ஒரு தரம், இரட்டைக் கோடுகள் ஒரு தரம் என்று மாறி மாறி வரும், மூலக் கோப்பில் அந்த இடைப்பின்னலை நீக்கவில்லை. உறவினர்களுக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் நீக்கி, நொடிக்கு ஐம்பது படமாக வைத்தேன். இருபத்தைந்தாகக் குறைத்தால் பழைய டிவியில் பார்த்த அந்த வழுக்கும் அசைவு போய்விடுகிறது, எல்லோரும் சினிமாவில் நடப்பது மாதிரி ஆகிவிடுகிறார்கள்.

ஒலி மந்தமாக இருந்ததற்கு ஹெட் தேய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இல்லை. ஒலி ஹெட்டின் பக்கத்தில் உள்ள சாய்வுத் திருகை, காதில் ஹெட்போன் போட்டுக்கொண்டு கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பியதும் ‘ச’, ‘ஸ’ எழுத்துகள் பளிச்சென்று வந்தன. திருப்பும் முன் அது இருந்த நிலையை ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு டெக்கில் பதிவான கேசட் வந்தால் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.

தம்பி மகன் ஒரு யோசனை சொன்னான். செயற்கை நுண்ணறிவில் கொடுத்தால் பழைய படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கித் தருமாம். செய்தி வாசிப்பை ஒரு நிமிடம் கொடுத்துப் பார்த்தேன். தோல் மெழுகாக வந்தது. புடவைக் கரையில் இருந்த கட்டங்கள் எல்லாம் கரைந்து, நாடாவில் இல்லாத ஒரு கொடி வேலைப்பாடு முளைத்திருந்தது. முகம் யாரோ ஒருவருடையது. அத்தை ஒரே பார்வையில், “இது அவங்க இல்ல” என்றார். அழித்துவிட்டேன். மங்கலாக இருந்தாலும் நாடாவில் இருப்பது அவர் முகத்திலிருந்து வந்த வெளிச்சம். அதற்கு மேல் ஒரு கற்பனையைப் பூசி அவர் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குடும்பத்தில் எல்லோரும் கேட்பது, பாட்டை மட்டும் வெட்டி அனுப்பு என்பதுதான். அனுப்புகிறேன். ஆனால் மூலத்தில் கத்தி வைப்பதில்லை. பட்டை, வெறும் திரை, பனிமழை, அறுந்து ஒட்டிய இடம், பாதியில் நின்ற விளம்பரம் எல்லாம் இருந்தபடியே இருக்கும். கல்யாணக் கேசட்டைக்கூட முடிவுவரை ஓட்டிப் பார்க்கிறேன். கல்யாணம் பதிவானதற்கு முன் அதே நாடாவில் வேறு ஏதோ இருந்திருக்கிறது, கடைசிப் பத்து நிமிடத்தில் அது எட்டிப் பார்க்கிறது. ஒரு நாடகத்தின் வால். நடிகர் பெயர்கள் ஓடுகின்றன, மேல் வரி கிழிந்திருக்கிறது.

ராமேஸ்வரம், வேதாரண்யம் பக்கத்து ஆட்களுக்கு நினைவே வேறு. சென்னை எட்டாத அந்தக் கரையில் உயரமான ஆன்டெனாவும் பூஸ்டரும் வைத்து, 1982-ல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அங்கே யாராவது ஒரு வீட்டில் டெக் இருந்திருந்தால், அந்தப் பக்கத்துத் தமிழ் அறிவிப்பாளர்களின் குரல் நம் பரண் ஒன்றில்தான் கிடக்கும். அப்படிக் கேசட் வைத்திருப்பவர்கள் தூக்கிப் போடும் முன், கண்ணாடி வழியாக ஒரு தடவை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பொடி இருந்தால் ஓட்ட வேண்டாம், அவ்வளவுதான். சுத்தம் செய்தால் பிழைக்கும்.

பதினேழில் ஆறு முடிந்திருக்கிறது. மூன்றில் பூஞ்சை அதிகம், வெயில் காலம் வரட்டும் என்று அரிசிப் பானையில் போடுவது மாதிரி சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வைத்திருக்கிறேன். போன ஞாயிறு அத்தை கூப்பிட்டு, மல்லிகை வைத்த அந்தப் பெண் வரும் இடத்தை மட்டும் போடச் சொன்னார். போட்டேன். நாற்பத்திரண்டு நொடி முடிந்ததும், “இன்னொரு தரம்” என்றார். அப்போது ‘டெஸ்ட்’ கேசட்டின் லேபிளைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், என் பேனாவை வாங்கி ‘அழிக்கலாம்’ என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் மாமாவின் எழுத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ‘கூடாது’ என்று எழுதினார்.